பஞ்சரான டயரைக் கழற்றிப் பாருங்கள்

காரின் டயரில் ஆணி ஏறிவிட்டால் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. சாலையோர பஞ்சர் கடையில் நிறுத்தினால், டயரை ரிம்மிலிருந்து கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அரம் போன்ற ஊசியால் குடைந்து, பசை தோய்ந்த ரப்பர் திரியை உள்ளே செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் காற்றடித்து அனுப்பிவிடுகிறார்கள். பெரிய டயர் ஷோரூமுக்குப் போனால், அதே டயரை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, "இதை இனிமே நம்ப முடியாது சார், மாத்திடுங்க" என்று சொல்வதும் உண்டு. முதல் தீர்ப்புக்குச் செலவு நூறுகளில். இரண்டாவது தீர்ப்புக்கு ஆயிரங்களில். எதிரெதிரான இந்த இரண்டு தீர்ப்புகளிலும் ஒரே குறை இருக்கிறது. டயரின் உள்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. ஒட்டுவதா, மாற்றுவதா என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த உள்பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பக்கச் சுவர் கிழிந்துபோன டயர் போன்ற வெளிப்படையான சேதங்களை விட்டுவிட்டால், கழற்றிப் பார்க்காத டயருக்கு 'ஒட்டினால் போதும்' என்றும் சொல்லக்கூடாது, 'தூக்கிப் போடுங்கள்' என்றும் சொல்லக்கூடாது.

இதைப் புரிந்துகொள்ள, டயர் என்பது ரப்பரால் ஆன வெறும் வளையம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். இன்று கார்களில் ஓடுபவை ரேடியல் டயர்கள். அவற்றின் உள்தோலாக இருப்பது காற்றைக் கசியவிடாத ஒரு மெல்லிய ரப்பர் அடுக்கு. டியூப் இல்லாத டயரில் டியூபின் வேலையைச் செய்வது அதுதான். அதற்கு மேலே, ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை குறுக்காக ஓடும் பாலியெஸ்டர் இழைகள். அவற்றுக்கும் மேலே, சாலையைத் தொடும் பகுதிக்கு அடியில் மட்டும், மெல்லிய எஃகுக் கம்பிகள் பதித்த இரண்டு பட்டைகள். பல டயர்களில் அந்தப் பட்டைகளை இறுக்கிப் பிடிக்க ஒரு நைலான் அடுக்கும் உண்டு. கடைசியாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும் பட்டன். நடுத்தர அளவுக் கார் ஒன்றின் சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 முறைக்கு மேல் சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் இடத்தில் டயர் முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையில் நசுங்கி, மறுகணமே நிமிர்கிறது. அந்த நசுங்கலை வாங்கிக்கொள்வது பக்கச் சுவர். எஃகுப் பட்டை இருக்கும் நடுப்பகுதி அதிகம் வளைவதில்லை.

எந்த இடத்து ஓட்டையை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது என்ற விதி இந்த அமைப்பிலிருந்துதான் பிறக்கிறது. நடுப்பகுதியில் ஏறிய ஆணி, எஃகுக் கம்பிகளுக்கு இடையே ஒரு சிறு வழியைப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறது. பட்டை இரண்டடுக்காக இருப்பதாலும் அந்த இடம் அதிகம் வளையாததாலும், முறையாக அடைத்தால் அந்த அடைப்பு டயரின் ஆயுள் முழுக்க நிற்கும். பக்கச் சுவரில் எஃகுப் பட்டை கிடையாது. அங்கே சுமையைத் தாங்குபவை பாலியெஸ்டர் இழைகள் மட்டுமே. அவற்றில் சில அறுந்துவிட்டால் எந்த ஒட்டும் அவற்றை மறுபடி இணைக்காது. நொடிக்குப் பதினான்கு முறை வளைந்து நிமிரும் இடத்தில் எந்தப் பசையும் நெடுநாள் பிடித்து நிற்கவும் நிற்காது. பட்டனும் பக்கச் சுவரும் சேரும் தோள்பகுதிக்கும் இதே கதிதான். எஃகுப் பட்டைகளின் ஓரங்கள் முடிவது அங்கேதான்; டயரில் வெப்பம் அதிகம் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. அமெரிக்க டயர்த் துறையின் வழிகாட்டு நெறிகள் கார் டயரில் 6 மி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டையையும், தோளிலோ பக்கச் சுவரிலோ விழுந்த ஓட்டையையும் ஒட்டவே கூடாது என்கின்றன. பிரிட்டிஷ் தர நெறியும் அதே 6 மி.மீ. எல்லையை வைத்து, பட்டன் அகலத்தின் நடு முக்கால் பகுதிக்குள் இருந்தால் மட்டுமே ஒட்ட அனுமதிக்கிறது. பென்சிலின் தடிமன் 7 மி.மீ. அளவில் இருக்கும், அது நுழையும் ஓட்டை என்றால் அந்த டயருக்கு விடை கொடுத்துவிடலாம்.

இடத்தையும் அளவையும் வெளியிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமான மூன்றாவது கேள்வியைத்தான் வெளியிலிருந்து கணிக்கவே முடியாது. காற்று இறங்கிய பிறகு அந்த டயர் எவ்வளவு தூரம் ஓடியது? டயரில் எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றுதான். காற்று குறையக் குறைய பக்கச் சுவர் தன் அளவுக்கு மீறி மடிகிறது. மடிந்து மடிந்து நிமிரும்போது உள்ளே வெப்பம் ஏறுகிறது. அந்த வெப்பத்தில் இழைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பு தளர்கிறது. உள்சுவர் தன்மேலேயே உரசித் தேய்கிறது. இப்படி ஓடிய டயரைக் கழற்றினால் உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டிக் கிடக்கும். பக்கச் சுவரின் உள்பக்கத்தில் சுற்றிலும் வளையமாக ஒரு மடிப்புத் தடம் தெரியும். முற்றிய நிலையில் இழைகளே வெளியே தெரியும். இத்தனை சேதத்தோடும் மறுபடி காற்றடித்தால் வெளித்தோற்றத்தில் அது நல்ல டயர் போலவே நிற்கும். அதன் நட்டநடுவில் இருப்பது 3 மி.மீ. ஆணி ஓட்டைதான், திரி போட்டால் காற்றும் நிற்கும். ஆனால் அடுத்த நெடும்பயணத்தில், கோடை வெயிலில் கொதிக்கும் நான்குவழிச் சாலையில், குடும்பமும் பெட்டிகளுமாக முழுச் சுமையோடு போகும்போது அந்தப் பக்கச் சுவர் கிழிந்தால், அதற்குக் காரணம் ஆணி இல்லை. உள்ளே பார்க்காமல் கொடுத்த தீர்ப்புதான்.

ரப்பர் திரியின் குறை இதோடு நிற்கவில்லை. திரி ஓட்டையை அடைக்கிறதே தவிர, உள்தோலில் ஏற்பட்ட கிழிசலை மூடுவதில்லை. காற்று அந்தக் கிழிசல் வழியாக அடுக்குகளுக்கு இடையே புகலாம். திரி சற்றே தளர்ந்தால் வெளியிலிருந்து மழைநீரும் புகும். எஃகுக் கம்பியில் ஈரம் பட்டால் துரு ஏறும். துரு ஏறினால் ரப்பரின் பிடி விடும். காலப்போக்கில் பட்டன் பட்டையிலிருந்து பிரியும் ஆபத்து வரும். ஓட்டையைக் குடையும் ஊசியைக் கோணம் தவறிச் செலுத்தினால், ஆணி விட்டுவைத்த கம்பிகளையும் அது அறுத்துவிடும். ஆணி நேராகத்தான் ஏறியது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? சாய்வாக ஏறிய ஆணி வெளியே நடுவில் தெரிந்து, உள்ளே தோளுக்குப் பக்கத்தில் முனை நீட்டியிருக்கலாம்.

அதனால்தான் மேலே சொன்ன நெறிகள், திரி மட்டும் போடுவதையும் ஒட்டு மட்டும் போடுவதையும் முழுமையான பழுதுநீக்கமாக ஏற்பதில்லை. அவை கேட்பது இரண்டும் சேர்ந்த ஒன்றை. நம் கடைகளில் அதை மஷ்ரூம் பேட்ச் என்பார்கள், காளான் போலக் குடையும் தண்டும் இருப்பதால். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே வெளிச்சம் அடித்து முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். ஓட்டையின் பாதையைச் சுத்தமாகக் குடைந்தெடுக்க வேண்டும். அதைச் சுற்றி உள்தோலை மெல்லத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசை அகற்றி, பசை தடவிக் காயவிட வேண்டும். தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்தால் ஓட்டையின் பாதை அடைபடும். குடை உள்தோலின்மேல் படிந்து காற்றை நிறுத்தும். அதைச் சிறு உருளையால் அழுத்தித் தேய்த்து, இடையில் காற்றுக் குமிழி இல்லாமல் செய்ய வேண்டும். பிறகு ரிம்மில் ஏற்றி, காற்றடித்து, சோப்பு நீர் தெளித்துப் பார்த்து, வீல் பேலன்சிங் செய்து மாட்ட வேண்டும். முக்கால் மணிநேரம் ஆகலாம். ஆனால் இத்தனைக்கும் பிறகு அந்த டயரைப் பற்றிய சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. வெறும் திரி அந்த நிம்மதியைத் தராது.

'திரி போட்டே வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று பலரும் சொல்வார்கள். அது பொய்யில்லை. நடுப்பகுதியில் நேராக ஏறிய சிறு ஆணி, காற்று முழுதாக இறங்கும் முன்பே கண்டுபிடித்து நிறுத்திய கார், கைபழகிய தொழிலாளி ஆகிய மூன்றும் கூடினால் திரி நெடுநாள் நிற்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட பஞ்சர்கள் ஏராளம். ஆனால் அந்த அனுபவம் சொல்வது திரி காற்றைப் பிடித்தது என்பதை மட்டும்தான். டயரின் உள்கட்டு நலமாக இருந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது, ஓட்டியவர்களின் நல்ல காலம் அது நலமாக இருந்தது. நம் டயர் அந்த வகையா இல்லையா என்று அறியும் வழி இருக்கும்போது, அறியாமலே ஓட்டுவதற்கு என்ன அவசியம்? திரியை அடியோடு ஒதுக்கச் சொல்லவும் இல்லை. இரவு நேரம், மலைப்பாதை, ஸ்டெப்னியும் இல்லை என்ற நிலையில் திரி பெரிய துணை. அதைப் போட்டுக்கொண்டு மிதமான வேகத்தில் ஊர் வந்து சேர்ந்து, அடுத்த நாள் டயரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னால் போதும். முதலுதவியை முதலுதவியாக மட்டும் வைத்துக்கொண்டால் அதில் தவறே இல்லை.

'சின்ன பஞ்சர் கடையில் இதற்கெல்லாம் மெஷின் எங்கே இருக்கிறது?' என்பது இன்னொரு கேள்வி, நியாயமானதும்கூட. வெயிலிலும் மழையிலும் நெடுஞ்சாலை ஓரத்தில் உட்கார்ந்து நம்மைக் காப்பாற்றுகிறவர் அந்தக் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கழற்றி மாட்டும் கருவியும் பேலன்சிங் கருவியும் வாங்க முதல் வேண்டும். அந்த முதலைப் போட்டவர்களிடமும்கூட வாடிக்கையாளர் 'சீக்கிரம் அனுப்புங்கண்ணே' என்றுதான் அவசரப்படுத்துகிறார். கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் கூடினால், கழற்றிப் பார்க்கும் கடைகளும் கூடும். இன்று நகரங்களிலும் ஓரளவு பெரிய ஊர்களிலும் டயர் சேஞ்சர் வைத்திருக்கும் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமில்லை. செலவும் புதுடயர் விலையில் சிறு பங்குதான். சக்கரத்துக்குள் காற்றழுத்தம் காட்டும் சென்சார் உள்ள கார் என்றால் கழற்றும் முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்; இடம் தெரிந்து வேலை செய்தால் அது உடையாது.

பக்கச் சுவர் விஷயத்தில் இரண்டு சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. லாரி டயரில் பக்கவாட்டையும் ஒட்டித்தானே ஓட்டுகிறார்கள் என்பது ஒன்று. லாரி டயரின் கட்டுமானமே வேறு. அங்கே இழைகள் பதித்த கனமான ஒட்டுகளை வைத்து, சூடேற்றி வேகவைத்து, அதற்கெனப் பயின்றவர்கள் செய்யும் வேலை அது. மெல்லிய பக்கச் சுவர் கொண்ட கார் டயருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இரண்டாவது சமாதானம் இன்னும் பரவலானது: 'உள்ளே ஒரு டியூப் போட்டுடலாம் சார், ஓடும்.' ஓடும்தான். ஆனால் அறுந்த இழைகளின் பலத்தை டியூப் திருப்பித் தராது. டியூபுக்கும் டயருக்கும் இடையே காற்றும் சூடும் அகப்பட்டு உராய்வு கூடும். டியூப்லெஸ் டயரின் பெரிய பாதுகாப்பே, ஆணி ஏறினாலும் காற்று மெல்ல மெல்ல இறங்குவதுதான். டியூபைப் போட்டவுடன் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. டியூப் கிழிந்தால் காற்று ஒரே மூச்சில் வெளியேறும். வேகமாகப் போகும் காரில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் டயரை மாற்றச் சொல்லும் பக்கம் சாய்ந்ததாகத் தோன்றலாம். உண்மையில் கழற்றிப் பார்க்கும் வழக்கம் காப்பாற்றும் டயர்கள் நிறைய. பட்டன் நன்றாக இருக்கும் டயரில், நடுவில், ஒரு சிறு ஆணி. உள்ளே தூளும் இல்லை, மடிப்புத் தடமும் இல்லை என்றால் அதை மாற்றச் சொல்வதற்கு எந்தப் பொறியியல் காரணமும் கிடையாது. பயத்தைக் காட்டிப் புது டயர் விற்பது வணிகம் மட்டுமே. அப்படிச் சொல்லும் கடையில், 'கழற்றி உள்ளே என்ன சேதம் என்று காட்டுங்கள்' என்று கேட்பது உங்கள் உரிமை. காட்ட முடியாவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். பணத்தோடு இன்னொன்றும் இதில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் விடியற்காலையில் பால் வெட்டி எடுக்கும் ரப்பரும், பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பரும், கார்பன் கரியும், எஃகும் சேர்ந்து ஆனது ஒரு டயர். பயன்பாடு முடிந்த பிறகு அது மக்குவதில்லை. எரித்தால் நச்சுப் புகை. தண்ணீர் தேங்கிக் கிடந்தால் கொசு. பாதி ஆயுள் மிச்சமிருக்கும் டயரை ஒரு ஆணிக்காகக் குப்பையில் சேர்ப்பதும் ஒருவகைப் பொறுப்பின்மையே.

உள்ளே நலமாக இருந்தும் ஒட்டுவதில் பயனில்லாத சில நிலைமைகளும் உண்டு. பட்டனின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ.தான். நம் மோட்டார் வாகன விதிகளும் காருக்கு வைத்திருக்கும் கடைசி எல்லை அதுவே. அந்த நிலையில் பஞ்சருக்குச் செலவழிப்பது வீண். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். அப்படி வயதேறி, சுவரில் நுண்வெடிப்புகள் ஓடியிருந்தால் அதையும் விட்டுவிடலாம். ஏற்கெனவே போட்ட ஒட்டின்மேல் புது ஒட்டு ஏறும்படி அமைந்த பஞ்சரையும் சரிசெய்யக்கூடாது. மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மாற்றி, புதியவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டுவது நல்லது. ஈரச் சாலையில் காரின் பின்பகுதி வழுக்கிச் சுழன்றால் ஓட்டுநரால் மீட்பது மிகக் கடினம் என்பதே அதற்குக் காரணம். நான்கு சக்கரமும் இயங்கும் கார் என்றால் டயர்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதைக் கார் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் காற்றிறக்கமும் பஞ்சர் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். வால்வு கசியலாம், அடிபட்டு வளைந்த ரிம்மின் ஓரத்தில் கசியலாம். சோப்பு நீர் இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆணி எங்கே ஏறும், எந்த அளவில் ஏறும் என்பது நம் கையில் இல்லை. காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம் என்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. ஒட்டக்கூடிய டயரை ஒட்ட முடியாததாக ஆக்குவது பெரும்பாலும் 'அடுத்த கடை வரைக்கும்தானே' என்று உருட்டிக்கொண்டு போகும் அந்தச் சில கிலோமீட்டர்கள்தான். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி நிறுத்துங்கள். ஆணி தெரிந்தால் பிடுங்க வேண்டாம். அது இருக்கும் வரை காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போய் டயரைக் கடையில் கொடுங்கள். 2020 ஜூலையில் வந்த விதித் திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பழுதுநீக்கும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்தப் பெட்டியில் உள்ள திரவமும் தற்காலிக உதவிதான். வேக வரம்பும் தூர வரம்பும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் போட்டிருந்தால் கழற்றுபவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டெப்னி வைத்திருப்பவர்கள், அடுத்த முறை பெட்ரோல் பங்கில் நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பிடிக்கும்போது டிக்கியைத் திறந்து ஐந்தாவதையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்றில்லாத ஸ்டெப்னியோடு நடுவழியில் நிற்பவருக்கு, பஞ்சரான டயரிலேயே உருட்டிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இருக்காது.